எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிறை

தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடும் வெனிஸ் நகரத்தில், பாட்டை அச்சடிக்கும் வித்தை புதிதாக வந்திருந்த காலத்தில், ஓர்சோலா என்று ஓர் அச்சுக்காரி இருந்தாள். கணவன் இறந்த பிறகு அச்சகத்தை அவளே நடத்தினாள். ஈயத்தை உருக்கி எழுத்து வார்ப்பாள், அச்சுக் கோப்பாள், மை தடவுவாள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு லூட் வாசிக்கவும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

லூட் நம் வீணைக்குத் தூரத்து உறவு. பிளந்த பேரிக்காய் மாதிரி உடம்பு, நீண்ட கழுத்து, கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுகள், மேலே தந்திகள். மடியில் வைத்து விரலால் மீட்டுவார்கள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் அல்வீசே. அவளைவிட வயதில் மிகவும் சின்னவர். இருந்தாலும் அவள் அவரை ஆசானே என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை அம்மா என்பார்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். ஓர்சோலா சிரித்துக்கொண்டு போய்விடுவாள். காரணம் தண்ணீருக்கு அப்பால், ஒரு தீவில், கன்னியர் மடத்துச் சுவருக்குள் இருந்தது.

அவளுடைய ஒரே மகள் பவுலா. பன்னிரண்டு வயதில் தகப்பன் கொண்டுபோய் மடத்தில் சேர்த்துவிட்டான். அந்தக் காலத்து வழக்கம் அது. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. ஆண்கள் உள்ளே போக முடியாது. சங்கீதம் சொல்லித்தருகிறவராக இருந்தாலும் அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் கம்பிக் கிராதிக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்து உட்காரும். எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் சுவரில் பதித்த மரப்பெட்டியில் வைத்துச் சுழற்றிவிட வேண்டும். ரொட்டி உள்ளே போகும், துணி போகும், காகிதம் போகும்.

பவுலா போகும்போது ஒரு சின்ன லூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். அதை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

மகளுக்காக ஓர்சோலா முதலில் அச்சடித்தது, ஊரில் எல்லோரும் அச்சடிப்பது போன்ற புத்தகம்தான். பக்கத்துக்குக் குறுக்கே ஆறு கோடுகள். அவை லூட்டின் தந்திகள். கோட்டின் மேல் எண்கள். எந்தத் தந்தி என்று கோடு சொல்லும், எந்த மெட்டு என்று எண் சொல்லும். விரலை வைத்து மீட்டினால் பாட்டு வரும்.

பவுலா அதைக் கிராதிக்குப் பின்னால் வாசித்துக் காட்டினாள். ஓர் எண்கூடத் தப்பவில்லை.

"பாட்டு வந்துவிட்டது அம்மா," என்றாள். "ஆனால் நான் வெளியில் இருந்தபோது கேட்ட பாட்டில் இன்னும் ஏதோ இருந்தது. அது இதில் இல்லை."

"என்ன இருந்தது?"

"அதுதான் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வருகிறது."

படகில் திரும்பும்போது ஓர்சோலாவுக்கு 'மறந்துகொண்டே வருகிறது' என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நேராக அல்வீசேயின் வீட்டுக்குப் போனாள்.

"ஆசானே, எண்ணில் இல்லாதது எது?"

அல்வீசே ஒரு தந்தியை மீட்டினார். ஓசை பிறந்து, நின்று, அடங்கியது. பிறகு அதே தந்தியை அதே மெட்டில் மறுபடி மீட்டினார். இந்தத் தடவை விரல் லேசாக ஆடியது. பக்கத்து மெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ஓசைக்கு மூச்சு வந்தது போல இருந்தது. நாம் அதைக் கமகம் என்கிறோம், அசைவு என்கிறோம். அவர்களும் அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தார்களே தவிர, ஓர்சோலாவுக்குத் தெரிந்து யாரும் அதைப் புத்தகத்தில் ஏற்றியதில்லை.

"இரண்டில் எது உள்ளே போக வேண்டும்?" என்று அல்வீசே கேட்டார்.

"இரண்டாவது."

"அனுப்பிப் பாருங்கள்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மேலே ஏறினால் ஒரு குறி, கீழே இறங்கினால் ஒரு குறி. சின்ன நடுக்கத்துக்கு ஒன்று, நீண்ட நடுக்கத்துக்கு ஒன்று. தந்தியைச் சுண்டி விடுவதற்கு ஒன்று, அமுக்கிப் பிடிப்பதற்கு ஒன்று. இப்படி இன்னும் இரண்டும் சேர்த்து எட்டுக் குறிகளை அவளே எஃகில் செதுக்கி ஈயத்தில் வார்த்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதற்குரிய குறி. அவருடைய விரல் செய்த எதையும் அவள் விடவில்லை.

அச்சான சோதனைத் தாளை அல்வீசே ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு இருக்கிறதா ஆசானே?"

"தப்பே இல்லை அம்மா," என்றார்.

அந்தக் குரலில் ஏதோ குறைந்தது. அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாள்களைத் தைத்துப் புத்தகமாக்கி, சுழல்பெட்டியில் வைத்துச் சுழற்றிவிட்டாள்.

வசந்தம் வந்ததும் பவுலா அதை வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு மடத்துத் தலைவியும் கேட்க வந்திருந்தார். பஸ்தியானும் வந்திருந்தார். அவர் நகரத்து லூட் வித்வான்களுக்கெல்லாம் பெரியவர். அசைவை அச்சடித்துவிட்டாளாம் ஒருத்தி என்று கேள்விப்பட்டு, தானே காதால் கேட்டுவிடலாம் என்று வந்தவர்.

பவுலா வாசித்தாள். முதல் வரியிலேயே தடுக்கியது. விரல் ஏறியது, நின்றது, அடுத்த குறியைத் தேடியது, நடுங்கியது, மறுபடி நின்றது. பத்திரம் எழுதுகிறவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்காட்டுவது மாதிரி இருந்தது. முன்பு பாட்டாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

பாதியிலேயே அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மணி," என்றார் பஸ்தியான், தாழ்ந்த குரலில். "நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இது கையிலிருந்து கைக்குப் போகிற சொத்து. காகிதத்தில் ஏறாது. கை போக முடியாத இடத்துக்கு இதுவும் போகாது."

மடத்துத் தலைவி அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை.

"இந்தச் சத்தத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு ஜெபம் ஓடவில்லை. மடத்துத் திருவிழா வரைக்கும் பார்க்கிறேன். அன்றைக்கு ஊர் வரும். அதற்குள் இது சங்கீதமாகாவிட்டால் வாத்தியத்தை வெளியே அனுப்பிவிடுவேன்."

கிராதிக்கு அந்தப் பக்கம் பவுலா எழுந்து நெருங்கி வந்தாள். கம்பியைப் பிடித்த இரண்டு விரல்கள் மட்டும் தெரிந்தன. நகக்கண் வெளுத்திருந்தது.

ஓர்சோலா அச்சகத்துக்கு வந்து, எழுத்துப்பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் நண்பகலில் அல்வீசே வந்தபோதும் அங்கேதான் இருந்தாள்.

"எங்கே தப்பினேன் ஆசானே? உங்கள் விரல் செய்த ஒன்றைக்கூட நான் விடவில்லையே."

அல்வீசே வேறு ஒன்றைக் கேட்டார்.

"பவுலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டுக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"பவுலா என்று."

"கூப்பிடுங்கள்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போய், வாய்க்காலைப் பார்த்த ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பெயரின் நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. கீழே போன படகுக்காரன் துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான்.

"இப்போது இதை எழுதுங்கள்."

ஒரு துண்டுக் காகிதத்தில் 'பவுலா' என்று எழுதினாள்.

"நான் கேட்டது இதில் இல்லையே."

அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். அதே பெயரை எழுதி, எங்கே குரல் நீண்டது, எங்கே ஏறியது, எங்கே கட்டிக்கொண்டது என்று எல்லாவற்றுக்கும் குறி போட்டாள்.

அல்வீசே அதை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொரு குறியாகப் பார்த்து, அது சொன்ன இடத்தில் நீட்டி, சொன்ன இடத்தில் ஏற்றி, சொன்ன இடத்தில் தொண்டையை அடைத்துக்கொண்டு கூப்பிட்டார். எதையும் விடவில்லை.

எதிர்க்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன ஐயா, கழுத்தில் எலும்பு சிக்கிக்கொண்டதா?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

ஓர்சோலாவுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அல்வீசே சிரிக்கவில்லை. ஜன்னலில் சாய்ந்துகொண்டு அந்தப் பெண்ணிடமே பேசினார்.

"அக்கா, ஒரு உதவி. உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் பேர் பவுலா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் எங்கேயோ விளையாடுகிறாள். கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

அந்தப் பெண் இவர்களை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையிலிருந்த துணியைப் படியில் வைத்தாள். ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கிக் கூப்பிட்டாள்.

குரல் முரட்டுக் குரல். நீட்டவே இல்லை. கடைசி எழுத்தைப் பட்டென்று கீழே போட்டாள். ஆனாலும் ஓர்சோலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நீங்கள் கூப்பிட்டது போல இருந்ததா?" என்று அல்வீசே கேட்டார்.

"இல்லை."

"பிள்ளை வந்திருக்குமா?"

ஓர்சோலா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்கும்," என்றாள்.

அல்வீசே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே ஓர்சோலா அடுப்பை மூட்டினாள். குளிர்காலம் முழுவதும் வேலை செய்து வார்த்த எட்டுக் குறிகளையும் உருக்கும் சட்டியில் கொட்டினாள். அவை வளைந்து, மினுங்கி, ஒரே ஈயமாகிப் போவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். மனசு வலிக்கும் என்று நினைத்தாள். கை லேசானது போலத்தான் இருந்தது.

பிறகு எழுத்துப்பெட்டியில் தேடினாள். புதிதாக எதையும் செதுக்கப் பிடிக்கவில்லை. மூலையில் அடைப்புக்குறிகள் கிடந்தன. அதில் ஒரு பாதியை எடுத்து ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். வளர்பிறை மாதிரி நின்றது.

மறுநாள் அல்வீசே அதைப் பார்த்தார்.

"இது எந்த அசைவு?"

"எந்த அசைவும் இல்லை ஆசானே."

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கெங்கே வைக்கப் போகிறீர்கள்?"

அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முன்பு எல்லா எண்ணிலும் குறி இருந்தது. இப்போது ஒரு பாட்டுக்கு ஏழெட்டு இடம்தான் என்று ஓர்சோலா முடிவு செய்தாள். எந்த இடம் என்பதற்கு இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அவர் வாசிப்பார், அவள் கேட்பாள். அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். சில நாள் நாலு பிறையை வைத்து மூன்றை எடுப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பெரியவர்கள் ஒரு சின்ன ஈயத்துண்டை வைத்துக்கொண்டு விளையாடுவது போலத்தான் இருந்திருக்கும்.

கடைசியில் முதல் பக்கம் மட்டும் பாக்கி.

"விளக்கம் ஒன்று எழுத வேண்டாமா? பிறையைப் பார்த்தால் என்ன செய்வது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

அல்வீசே யோசித்து ஒரே ஒரு வரி சொன்னார்.

"'பிறை இருக்கும் இடத்தில் விரல் சும்மா இருக்க வேண்டாம்.'"

"இவ்வளவுதானா?"

"இதுவே அதிகம் அம்மா."

புத்தகம் சுழல்பெட்டியில் உள்ளே போனது. திருவிழா வரைக்கும் மகளைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஓர்சோலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிறையை நம்பி மகளின் வாத்தியத்தையே பணயம் வைத்துவிட்டோமோ என்று தோன்றும்.

திருவிழா அன்று காலையிலிருந்தே தீவுக்குப் படகுகள் வந்துகொண்டிருந்தன. மடத்துக் கோயிலில், ஊராருக்கென்று கிராதிக்கு இந்தப் பக்கம் விட்டிருந்த பகுதியில், நிற்க இடமில்லை. பஸ்தியான் தன் வித்வான்களோடு முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அல்வீசே. அவருக்குப் பின்னால், தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓர்சோலா.

பூசை முடிந்தது. கிராதிக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தந்தியைச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. கூட்டம் அடங்கியது.

பவுலா வாசிக்க ஆரம்பித்தாள்.

ஓர்சோலாவுக்கு அந்தப் பாட்டில் பிறைகள் இருக்கும் இடமெல்லாம் தலைகீழ்ப் பாடம். முதல் பிறை நெருங்க நெருங்க மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் அல்வீசே எப்போதும் வேகமாக ஒரு நடுக்கம் கொடுப்பார். பவுலா நடுக்கம் கொடுக்கவில்லை. கீழ் மெட்டிலிருந்து கிளம்பி, மெதுவாக, வருவாளா மாட்டாளா என்று காக்க வைத்து, கடைசியில் ஓசையில் வந்து சேர்ந்தாள்.

"தப்பு," என்று பஸ்தியான் முணுமுணுத்தார். "உங்கள் அசைவு இது இல்லையே தம்பி?"

"இல்லை," என்றார் அல்வீசே.

"பிறகு?"

"பேசாதீர்கள். அடுத்தது வருகிறது."

இரண்டாவது பிறையில் பவுலா ஓசையை அப்படியே விட்டாள். அது தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது. போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் பக்கத்து மெட்டை ஒரே ஒரு தரம் தொட்டாள். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. கூட்டத்தில் யாரோ 'ஆ' என்றார்கள்.

மூன்றாவது பிறையில் விரல் படபடவென்று ஆடியது. குளித்துவிட்டு வந்த குருவி சிறகை உதறுவது மாதிரி, வேகமாக, சிரிப்பாக. அது எந்த ஆசானிடமும் கற்றது இல்லை. அந்த நகரத்தில் அதை யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சுவருக்குள் அத்தனை வருஷம் பேசாமல் இருந்த ஒருத்தி பேச ஆரம்பித்திருந்தாள்.

ஓர்சோலா முன்வரிசையைப் பார்த்தாள். அல்வீசேயின் இடது கை முழங்காலின் மேல் இருந்தது. பவுலா வாசித்ததை அவர் விரல்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தன. வரவில்லை. மறுபடியும் செய்தன. பஸ்தியானின் தொப்பி எப்போது தலையிலிருந்து கைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பாட்டு முடிந்தது.

பஸ்தியான் எழுந்தார். வயதான கால்களோடு கிராதி வரைக்கும் நடந்துபோனார்.

"சகோதரி," என்றார். "அந்த இரண்டாவது இடம். அதை இன்னொரு தரம் வாசிக்க முடியுமா? எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும்."

உள்ளே நாற்காலி கிராதியை நோக்கி நகர்ந்தது.

"அதே மாதிரி வராது ஐயா," என்றது பவுலாவின் குரல். "பரவாயில்லையா?"

"பரவாயில்லை," என்றார் பஸ்தியான்.

அவள் மறுபடி வாசித்தாள். அதே மாதிரி வரவில்லை. இந்தத் தடவை கூட்டம் அடக்கிக்கொள்ளவில்லை. கோயில் என்பதையும் மறந்து முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வெளியே படகில் நின்றவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கையை ஆட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

மடத்துத் தலைவி ஓர்சோலாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"லூட் இங்கேயே இருக்கட்டும்," என்றார். பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் இன்னும் சில பிரதிகள் வேண்டும்," என்றார்.

கோயில் வாசலிலேயே இன்னும் இரண்டு தீவுகளிலிருந்து வந்தவர்கள் ஓர்சோலாவைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஊர் மடத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். அங்கேயும் சுவர் இருந்தது, சுழல்பெட்டி இருந்தது.

ஓர்சோலா கிளம்புவதற்கு முன்னால் கிராதிக்குப் போனாள். கம்பிக்கு நடுவே இரண்டு விரல்கள் நீண்டன. அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். நுனி காய்த்துப் போயிருந்தது.

திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது. முன்னும் பின்னும் படகுகள். ஒரு படகில் யாரோ அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். மூன்றாவது இடம் வந்ததும் தனக்குத் தோன்றியபடி ஒரு திருப்பம் கொடுத்தார்கள். அடுத்த படகிலிருந்து ஒருவர், அப்படி இல்லை, இப்படி என்று வேறு விதமாகப் பாடினார். அல்வீசே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஓர்சோலாவுக்கு உடம்பு முழுவதும் சந்தோஷம். உட்கார முடியவில்லை. அடுத்த வேலை மனசில் ஓட ஆரம்பித்திருந்தது.

"இரண்டாம் பதிப்பு உடனே போட வேண்டும் ஆசானே. பவுலா இன்றைக்கு வாசித்தாளே, அதையும் பக்கத்தில் விளக்கமாகப் போடலாமா? அதற்குத் தனியாக ஒரு குறி செதுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அப்படியென்றால் எதையுமே மாற்ற வேண்டாமா?"

அல்வீசே கண்ணைத் திறந்தார். தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"ஒன்றே ஒன்று செய்யுங்கள் அம்மா," என்றார். "அந்தப் பிறையை இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கள்."